கண்ணுக்காரரின் பிரவுன்

கண்ணுக்காரருக்கு மனுஷர்களோடு பெரிய சண்டை எதுவும் கிடையாது, ஒருத்தியைத் தவிர. அவள் கதை பின்னால் வரும். மற்றபடி அவருடைய சண்டையெல்லாம் ஒரே ஒரு வார்த்தையோடுதான். அந்த வார்த்தை பிரவுன்.

கண்ணுக்காரர் என்றால் கண் டாக்டர் இல்லை. விபத்திலோ வியாதியிலோ ஒரு கண்ணை இழந்தவர்களுக்கு, மிச்சமிருக்கிற கண்ணுக்கு ஜோடியாகப் பிளாஸ்டிக்கில் ஒரு கண் செய்து கொடுப்பது அவர் தொழில். அதில் பார்வை வராது. எதிரே நிற்கிறவர் திடுக்கிடாமல் இருக்கத்தான் அது. வெளியூர் ஆஸ்பத்திரிகளிலிருந்து அவருக்கு மெழுகில் எடுத்த அளவும் ஒரு படிவமும் தபாலில் வரும். படிவத்தில் ‘நிறம்’ என்று ஒரு கட்டம். முப்பத்திரண்டு வருஷமாக அந்தக் கட்டத்தில் பத்துக்கு ஒன்பது தடவை இங்கிலீஷில் பிரவுன் என்றுதான் எழுதியிருக்கும்.

“எந்த ஊருன்னு கேட்டா பூமின்னு எழுதறானுங்க” என்று படிவத்தை மேசையில் அடிப்பார். “பிரவுனாம், பிரவுன்!”

கோபத்தில் நியாயம் உண்டு. தேன் மாதிரி ஒரு பிரவுன் இருக்கிறது. மழை நின்றதும் தெரிகிற மண் மாதிரி ஒன்று. கதவுக் கீலில் பிடித்த துரு மாதிரி ஒன்று. ஊரே கறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்க, வெயிலில் நின்றால் மட்டும் குட்டு வெளிப்படுகிற பிரவுன் ஒன்று. போதாக்குறைக்கு ஒரே கண்ணுக்குள் பாப்பாவை ஒட்டி ஒரு நிறம், நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் ஒரு நிறம். இத்தனையும் அந்த அஞ்சு இங்கிலீஷ் எழுத்துக்குள் அடக்கம் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அவருடைய அறை பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கட்டிடத்தில், இரண்டாவது மாடியில், நீளமான நடையின் கோடியில் இருந்தது. வடக்குப் பார்த்த ஜன்னல். நேர் வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் வரும். நிறம் பார்க்க அதுதான் தோது. பக்கத்து அறையில் பல் செட் செய்கிறவர், பல்லுக்காரர். இரண்டு பேருக்கும் பழக்கம் இருபது வருஷம்.

“நீ கண்ணு, நான் பல்லு. காது செய்யறவன் ஒருத்தன் கிடைச்சா முழு ஆளையே செஞ்சு நடக்க விட்டுடலாம்” என்பார் பல்லுக்காரர். இருபது வருஷமாக இதையே சொல்லி இருபது வருஷமாகத் தானே சிரிப்பார்.

கண்ணுக்காரருக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. அதற்குப் பல்லுக்காரர் சொல்லும் காரணம் இது: “பொண்ணுகிட்ட பேசறப்போ முகத்தைப் பாக்கணும்யா. இவன் கண்ணுல கோடு எண்ணிக்கிட்டிருந்தான். அவ பயந்து ஓடிட்டா.”

கோடு எண்ணுவது பொய்யில்லை. வேலை அப்படி. சட்டைப் பித்தான் அளவு கறுப்பு வட்டில், நாலே முடி உள்ள தூரிகையால், உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகக் கோடு கோடாக இழுத்து நிறம் ஏற்ற வேண்டும். ஒரு பூச்சு காய்ந்ததும் அதன்மேல் இன்னொன்று. நடுநடுவே வட்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்ப்பார். கடைசியில் மேலே ஏறப்போகும் கண்ணாடி போன்ற பூச்சுக்கு அடியில் நிறம் எப்படித் தெரியும் என்பதை அந்தச் சொட்டு முன்கூட்டியே சொல்லிவிடும். நேரில் வந்தவர் எதிரே ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருப்பார். “அந்த ஆணியைப் பாருங்க” என்பார் இவர். இவருடைய தோளுக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி அடித்திருந்தது. ஆணியைப் பார்த்தால்தான் கண் அசையாமல் நிற்கும். ஆக, நாள் முழுக்க அவர் எதிரே யாராவது உட்கார்ந்திருந்தார்கள், நாள் முழுக்க அவர்கள் கண்ணை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், ஒருத்தரும் அவரைப் பார்த்ததில்லை.

லீவு நாளில் நூலகத்துக்குப் போவார். வேறு எங்கே போவது? அங்கே தலையணை தடிமனில் ஓர் இங்கிலீஷ் அகராதி உண்டு. சொல் எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். தன்னை இத்தனை வருஷம் சோறு போட்டு வதைக்கிற வார்த்தையின் பூர்வோத்தரத்தைத் தெரிந்துகொள்ளத்தான் முதலில் புரட்டினார். புரட்டினவர் அதிலேயே விழுந்துவிட்டார்.

ஆதியில் பிரவுன் என்றால் நிறமே இல்லையாம், சும்மா இருட்டாக இருப்பது என்றுதான் அர்த்தமாம். இன்னதுதான் பிரவுன் என்று அது ஒரு நிறத்துக்குள் அடங்கிக் குடித்தனம் நடத்தப் பல நூறு வருஷம் ஆனது. இன்னொரு வேடிக்கை: அதே வார்த்தையைப் பளபளக்கிற வாளுக்கும் சொல்லியிருக்கிறார்கள். இருட்டும் அதுவே, பளபளப்பும் அதுவே. கரடிக்கு இங்கிலீஷில் உள்ள பெயரும் இதற்குப் பங்காளிதான் என்கிறார்கள் படித்தவர்கள் பலர். காட்டோரம் இருந்த ஜனங்கள் கரடியின் நிஜப் பெயரைச் சொன்னால் அது வந்து நிற்கும் என்று பயந்து, ‘அந்தப் பிரவுன்காரன்’ என்று ஜாடையாகச் சொல்லப்போய் அதுவே பெயராக நிலைத்துவிட்டதாம். யோசனையில் மூழ்கி முகம் இருண்டு உட்கார்ந்திருக்கிறவனைக்கூட அந்த நிறத்தின் பெயரைச் சேர்த்துத்தான் சொல்வார்களாம், ‘பிரவுன் ஸ்டடி’யில் இருக்கிறான் என்று.

தமிழில் நாம் பழுப்பு என்கிறோம். இலை பழுப்பதிலிருந்து வந்தது. பேச்சில் அதையும் விட்டுவிட்டுக் காப்பிக் கலர் என்கிறோம். அவர்கள் இருட்டிலிருந்து எடுத்தார்கள், நாம் பழுத்த இலையிலிருந்து எடுத்தோம் என்று கண்ணுக்காரர் பழைய படிவத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார். வானவில்லில் பிரவுன் கிடையாது என்று வேறொரு புத்தகத்தில் படித்ததையும் எழுதினார். மங்கலான ஆரஞ்சுதான் அது. பக்கத்தில் அதைவிட வெளிச்சமாக ஒன்று இருந்தால்தான் நம் கண் அதைப் பிரவுன் என்று ஒத்துக்கொள்ளும். சுற்றிலும் இருட்டாக்கி அதை மட்டும் தனியே விட்டால் ஆரஞ்சு என்றே சொல்லிவிடும்.

எழுதினாரே தவிர, சொல்ல ஆள் இல்லை. பல்லுக்காரர் கரடி வரைக்கும் கேட்பார். கரடி வந்ததும் அரவை மிஷினைப் போட்டுவிடுவார். ராத்திரி சாப்பிடும்போது கண்ணுக்காரருக்குச் சில சமயம் வாய்வரை வரும், ‘உனக்கு ஒண்ணு தெரியுமா’ என்று. எதிரே சுவர்தான் இருக்கும். அவர் தனியாக இருந்தார். இதை நாசூக்காகச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஐம்பத்தொன்பது வயதில், ஒரு வார்த்தையைப் பற்றி அத்தனையும் தெரிந்துகொண்டு, அதைச் சொல்ல ஒரு ஜீவன் இல்லாமல் இருந்தார்.

சொல்வதற்கென்றே பிறந்தவள் ஒருத்தி இருந்தாள். அவருடைய தங்கை, ஐந்து வயது இளையவள். வீட்டில் ‘வாலு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது கேட்பாள். பதினொரு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

நடந்தது இதுதான். அம்மாவுக்கு அவசரமாக ஆபரேஷன். வாலு வேறு ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். டாக்டர் காத்திருக்க முடியாது என்றதும் அண்ணன் கையெழுத்துப் போட்டார். அம்மா மேசையிலேயே போய்விட்டாள். வாலு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரி நடையில் நின்று, “என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்றாள். “பக்கத்துல இருந்திருந்தா கேட்டிருப்பேன்” என்றார் இவர். கொட்டிய வார்த்தையை அள்ள முடியுமா? அன்றைக்குத் திரும்பி நடந்தவள்தான்.

போன மாதம் ஒரு படிவம் வந்தது. பெயரைப் படித்தார், தங்கையின் பெயர். அடுத்த வரியில் அப்பா பெயர். அதுவும் அவருடைய அப்பா பெயர்தான். வயது ஐம்பத்து நாலு. வலது கண், உள்ளே கட்டி இருந்ததால் ஆறு மாதம் முன்பு எடுத்தாயிற்று. நிறம்: பிரவுன். கூடவே ஒரு போட்டோ.

ஆறு மாதம் முன்பு. கண்ணுக்காரர் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார். கூடப்பிறந்தவளின் கண்ணை எடுத்திருக்கிறார்கள், அது இவருக்கு ஒரு படிவத்தில் தெரிய வருகிறது. அன்றைக்கு அறையைப் பூட்டிக்கொண்டு அழுதார். பல்லுக்காரர் கதவைத் தட்டியதற்கு, “மருந்து நெடி, வேற ஒண்ணுமில்ல” என்றார்.

மறுநாள் வேலையைத் தொடங்கினார். அவர் உடம்பைச் செருப்பாய்த் தைத்துப் போடச் சொன்னாலும் செய்திருப்பார், கண்ணா செய்ய மாட்டார்? நாலு நாள் வேறு வேலை எடுக்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கோடு கோடாக இழுத்தார். பாப்பாவைச் சுற்றித் தேன் நிறம், அதற்கு வெளியே காய்ந்த புகையிலை, ஓரத்தில் ஏறக்குறையக் கறுப்பு. சிவப்பு நூலைப் பிரித்து நரம்பு பதித்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு கண் அவர் கையிலிருந்து இறங்கியதில்லை. ஒரு கடுதாசிகூட வைக்காமல் அனுப்பினார். கண் போய்ச் சேர்ந்தால் அவள் பேசுவாள் என்று நினைத்தார்.

பத்தாம் நாள் கண் திரும்பி வந்தது. நர்ஸ் எழுதியிருந்தாள்: ‘அளவு சரி. நிறம் பொருந்தவில்லை.’

நிறம் சரியில்லை என்று அதுவரை அவருக்கு ஒரு கண்ணும் திரும்பியதில்லை. முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டுப் பல்லுக்காரர் உள்ளே வந்தார். கண்ணைக் கையில் எடுத்தார். படிவத்தில் ஒட்டியிருந்த போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“யோவ், இது இருபது வயசுக் கண்ணுய்யா.”

“என்ன உளர்ற?”

“நான் பல்லுக்காரன், எனக்கே தெரியுது. போட்டோல அந்தம்மாவுக்குக் கருவிழியைச் சுத்தி சாம்பல் வளையம் விழுந்திருக்கு. நிறமும் வெளுத்திருக்கு. வயசான எல்லாருக்கும் நீதானே அந்த வளையத்தைப் பாத்துப் பாத்துப் போடுவே? இதுல எங்க?”

கண்ணுக்காரர் போட்டோவைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அன்றைக்குத்தான் பார்த்தார். படிவம் வந்த நாளில் ஒரு தடவை பார்த்துக் கவிழ்த்து வைத்தவர், அப்புறம் திருப்பவே இல்லை. அந்த நாலு நாளும் அவர் எதிரே இருந்தது, ஜன்னலோரம் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கண். அதைத்தான் தீட்டி அனுப்பியிருக்கிறார். ஊரார் கண்ணையெல்லாம் உள்ளபடி செய்கிறவர், சொந்தத் தங்கை மட்டும் கிழவியாக மாட்டாள் என்று கோட்டை விட்டார்.

“நேர்ல வரவெச்சு உக்காரவெச்சு செய்” என்றார் பல்லுக்காரர்.

“வர மாட்டா.”

“கேட்டியா?”

கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். நர்ஸ் எடுத்தாள். “அவங்க இங்கதான் இருக்காங்க சார். பேசறீங்களா?” என்றாள். “வேணாம். நேர்ல வந்தாத்தான் நிறம் சேரும்னு சொல்லுங்க” என்று வைத்துவிட்டார். வைத்த பிறகு தலையில் அடித்துக்கொண்டார். வருவாளா மாட்டாளா என்பது தவிர அந்த வாரம் அவர் வேறெதையும் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வந்தாள். கறுப்புக் கண்ணாடி, தோளில் ஒரு பை. தனியாகத்தான் வந்திருந்தாள். “நாலரைக்கு பஸ்” என்றாள். பதினொரு வருஷத்துக்கு அப்புறம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“போதும். முடிச்சிடலாம்” என்றார் இவர்.

கண்ணாடியைக் கழற்றினாள். வலது இமைக்குள் நிறமில்லாத வெறும் பிளாஸ்டிக் ஓடு. கண்ணுக்காரர் அந்த மாதிரி ஆயிரம் பார்த்தவர். அன்றைக்கு மட்டும் தூரிகையைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார். பிறகு இடது கண்ணைப் பார்த்தார். சாம்பல் வளையம் நன்றாகவே விழுந்திருந்தது. தேன் நிறம் இருந்த இடத்தில் ஊறவைத்த மரப்பட்டை நிறம் இருந்தது.

“அந்த ஆணியைப் பாரு.”

“ஆணியைப் பாக்கவா ஆறு மணி நேரம் பஸ்ல வந்தேன்?” என்றாள் வாலு. அவரையே பார்த்தாள்.

ஒரு முழத் தூரத்திலிருந்து ஒரு ஆள் தன் முகத்தைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. முதல் பூச்சை முடித்தார். அது காய்கிறவரை சும்மா இருக்க முடியாமல் வாயைத் திறந்தார்.

“உனக்கு ஒண்ணு தெரியுமா? பிரவுன்னா ஆதியில நிறமே இல்ல.”

“பின்னே?”

அவ்வளவுதான், அணை திறந்த கதை. இருட்டைச் சொன்னார், வாளைச் சொன்னார். கரடியைச் சொன்னபோது, “அதான் எங்க வீட்டுல பதினொரு வருஷமா ஒருத்தர் பேரை யாரும் சொல்றதில்ல” என்றாள் அவள். பிரவுன் ஸ்டடியைச் சொன்னார். “நீ பொறந்ததுலேருந்து அதுலதான் இருக்கே” என்றாள். கண்ணுக்காரர் சிரித்துவிட்டார். சிரித்து ரொம்ப நாளாயிற்று, பாதியில் இருமல் வந்தது.

மூன்றாவது பூச்சு காய்ந்துகொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

“அண்ணா, அம்மா கடைசியா என்ன பேசினா?”

தூரிகையைக் கீழே வைத்தார். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை வருஷம் போன் எடுக்காமல் இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“உள்ள தள்ளிட்டுப் போறப்போ, ‘வாலு வந்துட்டாளா’ன்னு கேட்டா.”

“நீ என்ன சொன்னே?”

“வந்துட்டா, வெளியில நிக்கறான்னேன்.”

“நான் அப்போ பஸ்ல இருந்தேனே.”

“தெரியும். பொய்தான் சொன்னேன். சாகப்போற அம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன்.”

அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அப்போ அம்மா நான் வந்துட்டேன்னு நெனைச்சுக்கிட்டா போனா?”

“ஆமா. ‘அப்பச் சரி’ன்னு சொல்லிக் கண்ணை மூடிக்கிட்டா.”

“பாவி. இதை அன்னைக்கே சொல்லக்கூடாதா? அம்மா என்னைத் தேடிக்கிட்டே போயிட்டான்னு இத்தனை வருஷமா செத்துக்கிட்டிருக்கேன்.”

அவள் அழுதாள். கண் போனாலும் கண்ணீர் போவதில்லை. இரண்டு பக்கமும் வழிந்தது. தான் குற்றம் என்று ஒளித்து வைத்திருந்தது அவளுக்கு மருந்தாக இருந்திருக்கும் என்பது அவருக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. மேசையைச் சுற்றி வந்து அவள் தலையில் கை வைத்தார். “தப்புதாம்மா. நான் அன்னைக்குச் சொன்னதும் தப்பு, சொல்லாததும் தப்பு” என்றார்.

மூக்கைச் சிந்திவிட்டு அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று அடித்திருந்தது. “சரி, நீ வேலையைப் பாரு. பஸ்ஸுக்கு நேரமாயிடும்.”

கண்ணுக்காரர் அவள் கண்ணைப் பார்த்தார். வெள்ளை முழுக்கச் சிவந்திருந்தது. ஒரு மணி நேரத்தில் அது தெளிந்துவிடும்; முப்பத்திரண்டு வருஷ அனுபவத்தில் அவருக்கு நன்றாகத் தெரியும்.

“இன்னிக்கு முடியாது. கண்ணு செவந்து போச்சு. வெள்ளை நிறம் சேராது. நாளைக்குக் காலையிலதான்.”

“நெஜமாவா?”

“நெஜம்தான்” என்றார் ஆணியைப் பார்த்துக்கொண்டு.

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு பையைத் தோளிலிருந்து கழற்றி நாற்காலிக்குக் கீழே வைத்தாள். “அப்போ மகளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடறேன்” என்றாள்.

அப்போதுதான் கண்ணுக்காரருக்கு வீட்டு ஞாபகம் வந்தது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு போர்வை. ரெண்டாவதாக அந்த வீட்டில் ஒன்றுமே கிடையாது. “இங்கயே இரு, வந்துடறேன்” என்று மாடிப்படி இறங்கி ஓடினார். ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிக்குத் துணை இருப்பவர்களுக்காகப் பாய், பக்கெட், பிளாஸ்க் விற்கிற கடை ஒன்று இருந்தது.

“ஒரு தலகாணி, ஒரு போர்வை, ஒரு தட்டு, ஒரு டம்ளர்” என்றார் மூச்சு வாங்க.

“போர்வை என்ன கலர் சார்?”

“எதையாவது குடுங்க, சீக்கிரம்.”

“துணைக்கு இருக்கறீங்களா? எந்த வார்டு?”

“வார்டெல்லாம் இல்ல” என்றார் கண்ணுக்காரர். “என் தங்கச்சி வீட்டுக்கு வந்திருக்கா.”